மறு: சிவிடிக்குத் தமிழில் என்ன சொல்? – ‘படியிலி’ என்று முன்மொழிகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, மகிழ்ச்சிதான். பழைய கார் வாங்கப் போகிறவர் கையோடு எடுத்துப் போகும்படி ஒரு கையேடு எழுதுகிறேன், அதில் சிவிடி (CVT, கியர் படிகள் இல்லாமல் சுழற்சி விகிதத்தை மாற்றும் ஆட்டோமேட்டிக் அமைப்பு) பகுதிக்கு நல்ல சொல் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன். வந்த சொற்களையெல்லாம் வரைவில் ஒவ்வொன்றாகப் போட்டு வாசித்துப் பார்த்தேன். பட்டியலில் நிற்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. “மேடு ஏறும்போது முள்ளைக் கவனியுங்கள்” என்பது போன்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் எது உதவுகிறது, எது குழப்புகிறது என்று தெரிகிறது.

சொல்லுக்கு வருமுன் ஒரு நிகழ்ச்சி. சில வாரங்களுக்கு முன் தோழி ஒருவருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனேன். எஞ்சினை முன்கூட்டி ஓட்டிவைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும், பானெட்டில் கை வைத்தபோது நல்ல சூடு. “ஆட்டோமேட்டிக்தான், கியர் போடுற தொல்லையே இல்ல” என்றார் விற்பவர். எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதாங்க” என்றார். சமதளத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. மேம்பாலம் ஒன்றில் ஏறும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, காலை அப்படியே வைத்துக்கொண்டேன். எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,000-லிருந்து 3,500-க்குத் தாவியது. வேகமுள் 40-லேயே நின்றது. ஒன்றரை நொடி இருக்கும். பிறகு ஆர்பிஎம் தானாகச் சரிந்தது, வண்டி வெடுக்கென்று பிடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தோழிக்கு வண்டியின் உள்ளுறுப்பு எதுவும் தெரியாது. அவர் சொன்னது ஒரே சொல்: “நழுவுதே.”

அந்த ஒரு சொல்தான் எனக்கு அளவுகோல். இனி உங்கள் கருத்துகளுக்கு வருகிறேன்.

> ‘நழுவுமாற்றி’ வைக்கலாமே. குலுக்கல் இல்லாமல் நழுவிக்கொண்டு போவதுதானே இதன் சிறப்பு?

ஐயா, மன்னிக்க வேண்டும், இதை மட்டும் கடுமையாகவே மறுக்கிறேன். நழுவல் இந்த உறுப்புக்கு வரும் நோய். உள்ளே இரண்டு கப்பிகள். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே பார்க்கும் இரண்டு கூம்பு முகங்களால் ஆனது. எண்ணெய் அழுத்தம் ஒரு கப்பியின் முகங்களை நெருக்கினால் அதன்மேல் ஓடும் எஃகுப் பட்டை வெளிப்பக்கம் ஏறும். மற்றக் கப்பியின் முகங்கள் விலகி, பட்டை அங்கே உள்ளே இறங்கும். சுழற்சி விகிதம் இப்படித்தான் இடைவெளியே இல்லாமல் மாறுகிறது. பட்டைக்கும் கூம்புக்கும் நடுவே பல் எதுவும் கிடையாது. வெறும் இறுக்கத்தில் நிற்கிற பிடிதான். அந்தப் பிடி விட்டால் கூம்பு முகத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த முகம் இன்னும் எளிதாக நழுவும். உதிர்ந்த எஃகுத் தூள் எண்ணெயோடு சுற்றிப் போய் வால்வுகளை அடைக்கும், அழுத்தம் குறையும், மறுபடி நழுவும். நோயின் பெயரையே உறுப்புக்கு வைத்துவிட்டு, “நழுவுமாற்றி நழுவுகிறதா என்று பாருங்கள்” என்று நான் எப்படி எழுதுவது? வாங்குபவர் “நழுவத்தானே செய்யும்” என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார்.

> ‘விரிகப்பி’. வினைத்தொகை, விரிந்த, விரிகின்ற, விரியும் கப்பி. இதைவிட அழகாக வேறென்ன வேண்டும்?

அழகில் மறுப்பில்லை. உறுப்பின் பெயராக அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கையேட்டில் அந்தக் கப்பிக்கு ‘விரிகப்பி’தான். முழு அமைப்புக்கு ஏன் பொருந்தாது என்றால், சிவிடி என்று விற்கப்படுபவை எல்லாவற்றிலும் கப்பி இல்லை. டொயோட்டாவின் கலப்பு மின்வண்டிகளில் (ஹைப்ரிட்) இ-சிவிடி என்று சொல்கிறார்களே, அதில் பட்டையும் கிடையாது, கப்பியும் கிடையாது. கோள் பற்சக்கரத் தொகுதி ஒன்றும் இரண்டு மின்பொறிகளும் சேர்ந்து விகிதத்தை மாற்றுகின்றன. 1999-இல் நிசான் கொண்டுவந்த ஒருவகையில் வளைந்த வட்டுகளுக்கு நடுவே உருளைகள் சாய்ந்து விகிதத்தை மாற்றின. சுபாருவின் பல வண்டிகளில் பட்டைக்குப் பதில் சங்கிலி. ஆகவே பெயரில் பல்லும் வரக்கூடாது, பட்டையும் வரக்கூடாது, கப்பியும் வரக்கூடாது.

பட்டை என்றதும் இன்னொன்று. ‘இழுபட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். 1958-இல் டாஃப் நிறுவனம் விட்ட சிறு காரில் இருந்தது ரப்பர் பட்டை; அது இழுத்தது. ஸ்கூட்டரிலும் ரப்பர் பட்டைதான், இழுக்கத்தான் செய்கிறது. காரில் பரவலாக இருக்கும் எஃகுப் பட்டை அப்படியன்று. ஏறத்தாழ 400 மெல்லிய எஃகுத் தகடுகள், இரண்டு பக்கமும் வளையக் கட்டுகளில் கோத்து நெருக்கமாக நிற்கும். முன்னால் இருக்கும் தகட்டைப் பின்னால் இருக்கும் தகடு முட்டித் தள்ளுகிறது, அது அடுத்ததை. விசை அப்படித்தான் ஒரு கப்பியிலிருந்து மற்றதற்குப் போகிறது. அதனால் ‘உந்துபட்டை’ என்று எழுதுகிறேன். வினைத்தொகை என்பதால் நடுவில் ப் வராது. மெய்ப்பு பார்ப்பவர்கள் தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள்.

> ‘தொடர்மாறி’ நேரடியாகப் பொருள் தருகிறதே?

புள்ளியியலில் தொடர் மாறி என்பது வேறொன்று. மாணவர்கள் அதைத்தான் நினைப்பார்கள். ‘தொடர்’ என்றதும் தொடர்வண்டிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுதான் பலருக்குத் தோன்றும். இங்கே சொல்ல வேண்டியதோ அதற்கு எதிரானது: ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண எதுவுமே இல்லை.

அங்கிருந்துதான் என் சொல் வந்தது. சாதாரணக் கியர் பெட்டி மாடிப்படி. முதல் கியர், இரண்டாம் கியர் என்று கால் வைத்து ஏறுகிறோம். சிவிடி சாய்தளம், எந்த இடத்திலும் நிற்கலாம், படி கிடையாது. படி இல்லாதது படியிலி. முடிவு இல்லாதது முடிவிலி என்று கணக்கில் நெடுநாளாகச் சொல்லி வருகிறோம், அதே வார்ப்பு. அடைமொழி சேர்த்தால் குடும்பமே கிடைத்துவிடுகிறது: பட்டைப் படியிலி, சங்கிலிப் படியிலி, உருளைப் படியிலி, மின்படியிலி. விற்பவரிடம் “இது படியிலியா? பட்டையா, மின்னா?” என்று நான்கு சொல்லில் கேட்டுவிடலாம். அந்தக் கேள்வி முக்கியம். மின்படியிலியில் உந்துபட்டை நழுவலைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது மின்கலத்தையும் மின்சுற்றையும்.

> எதிர்மறையால் பெயர் வைப்பது பலவீனம். எது இல்லை என்று சொல்வது வரையறை ஆகாது.

கம்பியில்லாத் தந்தி வந்தபோதும் ஆளில்லா விமானம் வந்தபோதும் நாம் இதைத்தான் செய்தோம். கியர் இல்லாத வண்டி என்று ஸ்கூட்டரை வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். புதிதாக ஒன்று வரும்போது பழையதில் இருந்த எது இதில் இல்லை என்பதைத்தான் கண் முதலில் பார்க்கிறது. இதையும் தாண்டி எனக்கு ஒரு காரணம் உண்டு. படி இல்லை என்பதே இங்கே சோதனை. பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியை மெல்ல எடுத்தால், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு படி தட்டுகிறதா என்று உடம்பே பார்த்துக்கொள்ளும்.

> அப்படியானால் போலிப் படி வைக்கிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசிக்கவைத்தது. ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தும்போது கியர் மாறுவது போன்ற உணர்வு வரட்டும் என்று சில தயாரிப்பாளர்கள் மென்பொருளில் படி வைக்கிறார்கள். உங்கள் சொல்லையே எடுத்துக்கொண்டேன்: போலிப்படி. அது ஒழுங்காக வரும். ஒரே அழுத்தத்தில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே வேகத்தில் முள் இறங்கும், மெல்ல மிதித்தால் வராது. நோயால் வரும் படி ஒழுங்கில்லாதது. டொயோட்டா 2018-இல் அறிமுகப்படுத்திய வகையில் புறப்படுவதற்கு மட்டும் உண்மையான பல்லிணை (பற்சக்கரக் கியர்) ஒன்று உண்டு; அதிலிருந்து பட்டைக்கு மாறும் இடம் ஒன்று இருக்கும். அதையும் கையேட்டில் தனியாகச் சொல்லிவிட்டால் போதும். ஒரு விலக்குக்காகப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை.

அடுத்தது எண்ணெய். இந்தச் சொல்லில்தான் எல்லாரும் கவனம் செலுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘மசகு’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மசகு என்றால் வழுவழுப்பு. படியிலிக்குள் ஊற்றும் எண்ணெய் தாங்கிகளை (பேரிங்) வழுவழுப்பாக வைக்க வேண்டும். ஆனால் எஃகுத் தகடு எஃகுக் கூம்பைப் பிடிக்கும் இடத்தில் பிடியைக் காக்கவும் வேண்டும். அதற்கென்றே சேர்மானங்கள் போட்டுச் செய்யப்பட்ட தனி எண்ணெய் அது. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயை அதில் ஊற்றினால் பிடி கெடும். “எல்லாம் ஒண்ணுதாங்க” என்று சொல்பவர் கையில் இருந்த வண்டிக்கு எந்த எண்ணெய் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ‘பிடியெண்ணெய்’ என்று முன்மொழிகிறேன். ரசீதில் வண்டியின் கையேடு சொல்லும் வகையே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும்போது, ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லே விளக்கிவிடும்.

பல வண்டிகளில் இதற்கு அளவுகோல் குச்சியே கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்து, அடியில் உள்ள திருகைக் கழற்றித்தான் அளவு பார்க்க முடியும். அதனால் வாங்குபவர் தாமே பார்த்துவிடலாம் என்று எழுதமாட்டேன். பணிமனையில் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். எண்ணெய் கறுத்து, தீய்ந்த நாற்றம் அடித்தால் விட்டுவிட வேண்டியதுதான். எண்ணெய் தேங்கும் அடித்தட்டில் உள்ள காந்தத்தில் மைபோல மெல்லிய தூள் ஒட்டியிருப்பது இயல்பு; விரலில் நெருடும் துணுக்கு இருந்தால் இயல்பன்று.

வரைவில் ஓட்டிப் பார்க்கும் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன். சொற்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்:

“எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் நில்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்தபடி பின்போக்குக்கும் முன்போக்குக்கும் மாற்றிப் பாருங்கள். ஓரிரு நொடிக்குமேல் தாமதித்தாலோ, ‘டொம்’ என்று இடித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விட்டதும் வண்டி தானே மெல்ல நகர வேண்டும். 20-லிருந்து 40 கி.மீ. வேகம்வரை மிக மெல்ல மிதித்து ஏற்றுங்கள்; கல்சாலையில் போவதுபோல் உதறுகிறதா என்று இருக்கையில் உணருங்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறும் முனகல் கேட்டால் தாங்கி தேய்ந்திருக்கலாம். மேட்டில் ஏற்றுங்கள். படியிலியில் மிதித்ததும் ஆர்பிஎம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது இயல்பு. முள் ஏறிய இடத்தில் நின்று வேகம் சீராகக் கூடினால் அஞ்ச வேண்டாம். காலை அசைக்காமலே முள் ஏறி இறங்கி அலைந்தால், அது நழுவல். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சூடேறிய பிறகுதான் சில நோய்கள் வெளியே வரும். திடீரென்று இழுவை குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாமல் போனால், வண்டி மேலும் கெடாமலிருக்கத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் தற்காப்பு நிலைக்குப் போய்விட்டது என்று பொருள்.”

இதோடு, வண்டியின் கணினியில் பதிவாகும் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவியைச் செருகிப் பார்ப்பதையும் சேர்க்கிறேன். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. குறியீடுகளை அண்மையில் அழித்திருந்தால், வண்டி தன்னைத் தானே சரிபார்க்கும் சோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டும். அப்படிக் காட்டினால் விற்பவரிடம் குறியீடுகளை அழித்தீர்களா, ஏன் என்று நேராகக் கேட்க வேண்டும்.

> மக்கள் சிவிடி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். எதற்கு இந்த வீண் உழைப்பு?

அம்மா, சொல்லட்டும், நானும் முதல் இடத்தில் ‘சிவிடி எனப்படும் படியிலி’ என்றுதான் எழுதுவேன். ஆனால் அந்த மூன்றெழுத்து, தெரிந்தவருக்கு மட்டுமே பேசுகிறது. என் தோழி பின் இருக்கையிலிருந்து ‘நழுவுதே’ என்று சொன்னார். எது நழுவுகிறது, அது ஏன் பெரிய செலவு என்று அவருக்குச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. படி இல்லை, பல் இல்லை, பிடி மட்டும்தான் என்று தமிழில் சொன்னபோது புரிந்துகொண்டார். அந்த வண்டியை வாங்கவில்லை.

முடிவாகாத ஒன்று இருக்கிறது. மெல்லப் போகும்போது வரும் அந்த நடுக்கத்துக்கு ‘அதிர்வு’ என்று இருவர் சொல்கிறீர்கள். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தளர்ந்தாலும் சக்கரம் கோணினாலும் அதிர்வுதான் வரும். ஓட்டுபவர்கள் ‘வண்டி உதறுது’ என்கிறார்கள். ‘உதறல்’ என்றே வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மற்ற நான்கையும், படியிலி, விரிகப்பி, உந்துபட்டை, பிடியெண்ணெய், இன்றிரவே வரைவில் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கையேடு எழுதுபவர்