அஸ்ஸம்ப்ளாஜ்: தமிழில் என்ன சொல்லலாம்?

> பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதும்போது, அஸ்ஸம்ப்ளாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் "கலப்பு ஒயின்" என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

வணக்கம் ஐயா. கலப்பு வேண்டாம். பயிரியலில் அது இனக்கலப்புக்குப் போய்விட்ட சொல். கபர்னே சோவின்யோன் திராட்சையே கபர்னே ஃபிரானும் சோவின்யோன் பிளானும் தானாக இனங்கலந்து பிறந்தது என்று 1997இல் மரபணு ஆய்வு காட்டியது. அதைச் சொல்லக் கலப்பு வேண்டும். அஸ்ஸம்ப்ளாஜில் நடப்பது வேறு. ஒவ்வொரு திராட்சையையும் தனித்தனியே நொதிக்கவிட்டு, ஒயின் ஆன பிறகு, ருசி பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள்.

சேர்மானம் என்று வைக்கலாமே? நாட்டு மருந்தில் புழங்கும் சொல். எது எவ்வளவு என்ற அளவும் அதில் அடங்கும். போர்தோவில் அந்த அளவுதான் எல்லாமே. ஆற்றின் இடக்கரையில், மெதோக் பக்கம், சரளை மண். தண்ணீர் நிற்காது, வெயிலில் சூடேறும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோனுக்கு அந்தச் சூடு வேண்டும்; அதனால் அங்கே அதன் கை ஓங்கியிருக்கும். பிளாக்கரன்ட் பழ வாசனை, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு, வருடக்கணக்கில் தாங்கும் வலு. வலக்கரையில் பொமரோல் என்ற ஊரின் களிமண் குளிர்ச்சியானது. அங்கே முன்கூட்டியே பழுக்கும் மெர்லோதான் அதிகம்: பிளம் பழ மணம், வாயில் வழவழப்பு. பூக்கும் நேரத்தில் மழை பெய்து மெர்லோ பிஞ்சு உதிர்ந்தாலும், பிந்திப் பூக்கும் கபர்னே சோவின்யோன் கைகொடுக்கும். நிறத்துக்கும் காரத்துக்கும் கொஞ்சம் பெத்தி வெர்தோ திராட்சை. மால்பெக்கும் உண்டு, ஆனால் 1956 உறைபனியில் கொடிகள் பட்டுப்போனபின் அங்கே அது மிகவும் குறைந்துவிட்டது.

பிரெஞ்சில் கூபாஜ் என்றும் ஒரு சொல் உண்டு. வெவ்வேறு ஊர் ஒயின்களை ஒன்றாக ஊற்றுவது. சற்று இளக்காரமாகத்தான் சொல்வார்கள். "கலவை" என்ற சொல்லை அதற்குக் கொடுத்துவிடலாம்.

> சேர்மானம் நன்று. ஆனால் வேதியியலில் சேர்மம் இருக்கிறதே, மாணவர்கள் குழம்பமாட்டார்களா?

தனியே நின்றால் குழப்பம்தான். "ஒயின் சேர்மானம்" என்று சேர்த்தே எழுதுங்கள். செபாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் புதுச்சொல் தேவையில்லை, திராட்சை வகை போதும். அப்புறம், உங்கள் கட்டுரையில் துவர்ப்பு என்பது ஓரிடத்தில் சுவையையும் இன்னோரிடத்தில் அந்தச் சுவையைத் தரும் வேதிப்பொருளையும் குறிக்கிறது. வேதிப்பொருளுக்கு டானின் என்றே போட்டுவிடுங்கள்.