அரபிகளின் கோபம்: அமெரிக்கா செய்ததா, அவர்களின் ராஜாக்கள் வளர்த்ததா?

பனைமரத்தான்:
செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த ஒன்பதாம் நாள், 2001 செப்டம்பர் 20 அன்று அதிபர் புஷ் (மகன்) அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று "ஏன் நம்மை வெறுக்கிறார்கள்?" என்று கேட்டார். "நம் சுதந்திரங்களை வெறுக்கிறார்கள்" என்று பதிலையும் அவரே சொன்னார். இன்றைக்கும் நம்ம ஆட்கள் அதையே "மதவெறி, வேறென்ன" என்று கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்கள்.

மதம்தான் காரணம் என்றால் 1919-க்கு என்ன சொல்வீர்கள்? அந்த வருடம் ஜூலையில் டமாஸ்கஸில் கூடிய சிரிய மாநாடு எங்களுக்கு முழு விடுதலை வேண்டும் என்றது. வெளியார் உதவி தேவை என்றால் அமெரிக்கா வரட்டும், அது முடியாவிட்டால் பிரிட்டன் வரட்டும், பிரான்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த அமெரிக்கன் 1866-லேயே பெய்ரூட்டில் கல்லூரி கட்டியவன். குர்ஆன் அன்றும் அதே குர்ஆன்தானே?

நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1948-ல் இஸ்ரேல் பிறந்த 11-வது நிமிடத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அங்கீகாரம். பிறகு ஐ.நா. பாதுகாப்பு சபையில் இஸ்ரேலுக்காக வீட்டோ மேல் வீட்டோ. 1990 முதல் இராக்குக்குப் பொருளாதாரத் தடை, 2003-ல் படையெடுப்பு, 2004-ல் அபு கிரைப் சிறையில் இராக்கியக் கைதிகளை அமெரிக்கச் சிப்பாய்கள் வதைத்த படங்கள். அதே 2004-ல் பென்டகனின் ஆலோசனைக் குழுவே, முஸ்லிம்கள் வெறுப்பது நம் சுதந்திரத்தை அல்ல, நம் கொள்கைகளை என்று அறிக்கையில் எழுதிவிட்டது. நாம்தான் இன்னும் புஷ்ஷைப் பிடித்துத் தொங்குகிறோம்.

எதிர்க்காற்று:
பட்டியல் ஜோர். வசதியாக விட்டதை நான் நிரப்புகிறேன். 1956-ல் பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் சேர்ந்து எகிப்தின் சூயஸ் கால்வாயில் இறங்கியபோது, பிரிட்டனின் பவுண்டு நாணயத்தின் கழுத்தை நெரித்து அவர்களைத் திருப்பி அனுப்பியது அமெரிக்க அதிபர் ஐசனோவர். 1991-ல் சதாமிடமிருந்து குவைத்தை மீட்டது அமெரிக்கா. 1995-ல் போஸ்னியா, 1999-ல் கொசோவோ, இரண்டிலும் முஸ்லிம்களைக் கொன்றவர்கள் மேல் விழுந்த குண்டு அமெரிக்கக் குண்டு. இதற்கெல்லாம் எங்கேயாவது நன்றி உண்டா?

1982-ல் ஹமா நகரத்தில் ஆயிரக்கணக்கான சிரியர்களைக் கொன்றவர் அவர்களின் அதிபர் ஹாஃபிஸ் அல் அசாத். 1988 மார்ச்சில் இராக்கின் ஹலப்ஜாவில் சுமார் 5,000 குர்துகளை விஷவாயு போட்டுக் கொன்றவர் இராக் அதிபர் சதாம். எந்த அரபுத் தலைநகரில் லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள்?

வர விடமாட்டார்கள், அதான் விஷயம். கெய்ரோவில் அமெரிக்கக் கொடியை எரித்தால் போலீஸ் வேறு பக்கம் பார்க்கும். 2008 ஏப்ரலில் மஹல்லா அல் குப்ராவில், ஜவுளி ஆலைகள் நிறைந்த ஊர், விலைவாசி தாங்காமல் எகிப்து அதிபர் முபாரக் படத்தைக் கிழித்துக் காலில் போட்டு மிதித்தார்கள். போலீஸ் சுட்டது, ஆள் செத்தது. அங்கே கோபத்துக்கு ஒரே ஒரு மடைதான் திறந்திருக்கும், அது வாஷிங்டன் பக்கம் பாயும்.

மூன்றாம்பிறை:
கலாசாரம் என்று ஒன்று இல்லையா சார்? எகிப்திய இஸ்லாமியவாத எழுத்தாளர் சய்யித் குதுப் 1949 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோவில் கிரீலி என்ற சின்ன ஊரில் படித்தார். அங்கே தேவாலயத்தில் நடந்த நடனத்தைப் பார்த்து அருவருத்து எழுதினாரே, அங்கேதானே எல்லாம் ஆரம்பம்?

பனைமரத்தான்:
தம்பி, அந்தக் குதுபை 1966-ல் தூக்கில் போட்டது எகிப்து அதிபர் நாசர். அன்று கெய்ரோத் தெரு நாசர் பின்னால்தான் நின்றது. ஒரு ஆள் நடனத்தைப் பார்த்து முகம் சுளித்ததை நாற்பது கோடிப் பேர் தலையில் ஏற்ற வேண்டாம்.

எதிர்க்காற்று, மடை உவமை பிரமாதம். மடையைக் கட்டக் காசு கொடுத்தது யார்? எகிப்து ராணுவத்துக்கு வருடா வருடம் 130 கோடி டாலர். 2011 ஜனவரியில் முபாரக்கை இறக்கச் சொல்லிக் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் தூக்கிக் காட்டிய கண்ணீர்ப்புகைக் குப்பிகளில் 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று அச்சடித்திருந்தது. 60 வருடமாக ஜனநாயகத்தைப் பலி கொடுத்து ஸ்திரத்தன்மையைத் தேடினோம், இரண்டும் கிடைக்கவில்லை என்று 2005-ல் கெய்ரோவிலேயே பேசியவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ். ஹலப்ஜாவும் அப்படித்தான். 1983 டிசம்பரில் பாக்தாத் போய்ச் சதாமின் கையைக் குலுக்கியது அமெரிக்காவின் சிறப்புத் தூதர் ரம்ஸ்ஃபெல்ட். 1988-ல் சதாம் யாருடைய ஆளாக இருந்தார்?

எதிர்க்காற்று:
இராக்கில் பொருளாதாரத் தடையால் 5 லட்சம் குழந்தைகள் செத்தார்கள் என்ற கணக்கு அடுத்து வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த எண் சதாம் அரசு ஜோடித்த தரவிலிருந்து வந்தது என்று பின்னால் அம்பலமாகிவிட்டது.

பனைமரத்தான்:
ஆனது, சரி. ஆனால் 1996-ல் தொலைக்காட்சியில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டபோது, எண் தப்பு என்று ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஆல்பிரைட் சொல்லவில்லை. அந்த விலை தகும் என்றார். பிறகு அவரே வருத்தப்பட்டார். பாக்தாத்தில் மருந்துக்கு அலைந்த தாய்க்கு எண் முக்கியமா, அந்தப் பதில் முக்கியமா?

குவைத் ரிட்டர்ன்:
உங்கள் ரெண்டு பேர் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன். 1990 ஆகஸ்டில் குவைத்தில் பிளம்பர் வேலையில் இருந்தேன். சதாம் படை வந்து நாலு வாரம் கழித்து, பாஸ்ரா, பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம், பகலில் அடுப்பு மாதிரி. தண்ணீர் லாரி வந்தால் அடிதடி. ஒன்பது நாள் அங்கே கிடந்தோம், அப்புறம்தான் அம்மான், ஏர் இந்தியா.

எங்களுக்கு ரொட்டியும் தக்காளியும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஜோர்டான்காரர்கள். அந்த வண்டிக் கண்ணாடியில் சதாம் படம். எங்களை நடுத்தெருவில் நிறுத்தியவன் படத்துக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி ரொட்டி கொடுக்கிறான்! கோபத்தில் கேட்டேவிட்டேன், எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில். ஓட்டுநர் பாலஸ்தீனர், 67-ல் ஊரை விட்டு வந்தவர். "அவன் நல்லவன்னு யார் சொன்னா? அமெரிக்காவைப் பார்த்து ஒருத்தனாவது முடியாதுன்னு சொன்னானே" என்றார். சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு ரொட்டி எடுத்துத் தந்தார்.

92-ல் திரும்பக் குவைத் போனேன். அங்கே கடைக்குக் கடை தகப்பன் புஷ் படம். நான் போவதற்கு முன்னாலேயே பாலஸ்தீனர்களைப் பெரும்பாலும் விரட்டியிருந்தார்கள். எங்கள் போர்மேன் வீட்டில் வேறு குடும்பம்.

எதிர்க்காற்று:
அண்ணே, நான் சொல்ல நினைத்ததை அந்த ஓட்டுநர் சொல்லிவிட்டார். கொலைகாரன் என்று தெரிந்தே கும்பிடுகிறார்கள். குவைத்காரனுக்கு அமெரிக்கா தெய்வம், ஜோர்டான்காரனுக்குப் பிசாசு, இதில் 'அரபுக் கோபம்' என்று ஒன்று எங்கே இருக்கிறது? 2013-ல் டமாஸ்கஸ் பக்கத்தில் விஷவாயு விழுந்தபோது ஒபாமா குண்டு போடவில்லை என்று சிரியர்கள் சபித்தார்கள். வந்தாலும் வசவு, வராவிட்டாலும் வசவு.

பனைமரத்தான்:
வருவேன் என்று சொல்லிவிட்டு வராததற்குத்தான் வசவு. 1991 பிப்ரவரியில் தகப்பன் புஷ் இராக்கியர்களைப் பார்த்து, நீங்களே சதாமை இறக்குங்கள் என்றார். தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் நம்பி எழுந்தார்கள். குவைத் எல்லைப் பக்கம் இராக்கின் சஃப்வானில், கூடாரத்தில் போர்நிறுத்தம் பேசும்போது, ஹெலிகாப்டர் மட்டும் பறக்கட்டுமா என்று இராக் தளபதிகள் கேட்க, அமெரிக்கத் தளபதி ஷ்வார்ட்ஸ்காஃப் சரி என்றார். அந்த ஹெலிகாப்டர்களிலிருந்துதான் கர்பலா, நஜஃப் மேல் சுட்டார்கள். அமெரிக்கப் படை பார்த்துக்கொண்டிருந்தது. 12 வருடம் கழித்து அதே ஊர்களுக்குள் நுழைந்தபோது பூச்செண்டை எதிர்பார்த்தார்கள்.

எதிர்க்காற்று:
சஃப்வான் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவன் இராக்கியன், கீழே ஓடியவனும் இராக்கியன். அந்த ஓட்டியவனை உங்கள் பட்டியலில் எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?