எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள்: குழலின் நீளம், தடிமன், முறுக்கு ஆகியவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேட்டுநடை:

அனைவருக்கும் வணக்கம். உரிமத்தோடு நான் வைத்திருக்கும், .308 வின்செஸ்டர் வகைத் தோட்டா போடும் போல்ட் (கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்) ரைஃபிளின் குழல் தேய்ந்துவிட்டது. புதிய குழல் பொருத்த வேண்டிய நிலை. மாதம் இரண்டு முறை 100, 300 மீட்டர் தாள் இலக்குகளில் சுடுகிறேன். வேட்டைப் பருவத்தில் இதே ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் மேடு பள்ளமாக நடக்கிறேன். இரண்டாவதாக ஒரு ரைஃபிள் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

24 அங்குலக் கனத்த குழல் இல்லாமல் துல்லியம் வராது என்று ஒருவர் சொல்கிறார். 16 அங்குலமே தாராளம் என்று இன்னொருவர் சொல்கிறார். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகளின் முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருக்க வேண்டுமா, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருக்க வேண்டுமா என்பதும் தெளிவாகவில்லை. ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்தே மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழையவரி:

வணக்கம். முதலில் நீளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். நீளம் தருவது வேகம். துல்லியம் வேறு கணக்கு. .308-இல் குழலை ஒவ்வோர் அங்குலம் குறைக்கும்போதும் குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 8 மீட்டர் வரை குறையும். 24 அங்குலத்திலிருந்து 18-க்கு இறங்கினால் நொடிக்கு 40 முதல் 50 மீட்டர் வரை இழப்பீர்கள். 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டுக்கு 100 மீட்டரில் ஸீரோ வைத்துக்கொண்டு (அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டு) 300 மீட்டரில் சுட்டால், இந்த இழப்பால் குண்டு கூடுதலாக இறங்கும் அளவு ஓர் உள்ளங்கை அகலத்தை எட்டாது. அதையும் ஸ்கோப்பின் திருகியில் சில கிளிக்குகளில் சரிசெய்துவிடலாம். ஆனால் புதரை விலக்கி நடக்கும்போது அந்த ஆறு அங்குலம் ஒவ்வொரு கிளையிலும் மாட்டும்.

அதற்காக 16 அங்குலத்துக்கு இறங்கவும் நான் சொல்ல மாட்டேன். வெடிமருந்தின் வாயு அதிக அழுத்தத்தோடு வெளியேறுவதால் சத்தமும் ஒளிவீச்சும் கூடும். ஒலியடக்கி பொருத்தச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வேண்டுமானால் 16 அங்குலம் பொருந்தும். குழலின் குறைந்தபட்ச நீளத்தைச் சில நாடுகளில் சட்டமே வரையறுத்திருப்பதால், வாங்குமுன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் ‘ஸ்கௌட் ரைஃபிள்’ என்ற கருத்தை வகுத்தபோது, முழு நீளம் ஒரு மீட்டர், எடை சுமார் 3 கிலோ என்ற அளவை முன்வைத்தார். 1998-இல் அந்தக் கருத்தின்படி வெளிவந்த ஸ்டையர் ஸ்கௌட்டின் குழல் சுமார் 19 அங்குலம். ஒரே ரைஃபிளைச் சுமந்து நடக்கவும் வேண்டும், சுடவும் வேண்டும் என்பவர்கள் மறுபடி மறுபடி வந்து சேரும் நீளம் இதுதான். உங்களுக்கு 18 முதல் 20 வரை என்பதே என் கருத்து.

தாள்இலக்கு:

பழையவரி ஐயா சொன்னதோடு தடிமனையும் முறுக்கையும் சேர்க்க விரும்புகிறேன்.

குழலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. எடையோ ஏறத்தாழ இரண்டாம் அடுக்கில்தான் கூடுகிறது. விட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் எடை சுமார் 21 விழுக்காடும் விறைப்பு சுமார் 46 விழுக்காடும் ஏறும். ஆகவே மெல்லிய குழலிலிருந்து நடுத்தரத் தடிமனுக்கு ஒரு படி ஏறுவது நல்ல பேரம். அதற்கு மேலும் கனத்த குழல், இடைவிடாமல் இருபது முப்பது தோட்டா சுடுபவருக்கே பயன்படும், ஏனென்றால் அது மெதுவாகச் சூடாகும். வேட்டையில் உங்கள் முதல் குண்டு குளிர்ந்த குழலிலிருந்தே போகிறது. அது எங்கே விழுகிறது என்பதைத் தனித் தாளில், வெவ்வேறு நாள்களில், ஒவ்வொரு குண்டாகச் சுட்டுப் பதிந்து வையுங்கள்.

முறுக்கைக் குண்டின் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் பார்க்க வேண்டியது அதன் நீளம். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரமே குண்டின் நீளத்தையும் விட்டத்தையும் வைத்துத்தான் முறுக்கைக் கணிக்கிறது. ஈயமில்லாத செப்புக் குண்டு, அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானது. எனவே விரைவான முறுக்கை (குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று) கேட்கும். 168 கிரெய்ன் வரையான ஈயக் குண்டுகளுக்கு 12 அங்குல முறுக்கு போதும். நாளைக்கு 180 கிரெய்ன் குண்டோ செப்புக் குண்டோ போட நேரலாம் என்றால் 10 அங்குல முறுக்கையே எடுங்கள். இலேசான குண்டுகளுக்கும் அதனால் நடைமுறையில் பெரிய தீங்கு இல்லை.

திருகுமுடுக்கி:

ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். எவ்வளவு நல்ல குழலானாலும் ரைஃபிளின் கட்டையில் (குழலைத் தாங்கி, தோள்வரை நீளும் பகுதி) அது தொட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. எனக்கு ஒரு கடையில் பொருத்திக் கொடுத்த ரைஃபிள், சூடாகச் சூடாக வலப்பக்கம் தள்ளிச் சுட்டது. குழலையும் ஸ்கோப்பையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டு இரண்டு மாதம் வீணாக்கினேன். கடைசியில் ஒரு தாளை இரண்டாக மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி, முனையிலிருந்து பின்னோக்கி இழுத்துப் பார்த்தபோது, நான்கு விரல் தூரத்திலேயே அது இறுகி நின்றது. அந்த இடத்தைத் தேய்த்து எடுத்த பிறகு ரைஃபிள் திருந்தியது.

குழல் மாற்றும் வேலையை அளவுமானிகள் வைத்து ஹெட்ஸ்பேஸ் (அறையில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள தூரம்) பார்க்கத் தெரிந்த கைவினைஞரிடமே கொடுங்கள். இதில் தவறினால் ஆபத்து உங்கள் முகத்துக்கு அருகில் இருக்கிறது.

ஸ்கோப்பில் 3–9×40 (3 முதல் 9 மடங்கு வரை உருப்பெருக்கம், 40 மி.மீ. முன்வில்லை) உங்களிடம் இருந்தால் அதை மாற்ற வேண்டாம். 300 மீட்டர் தாளுக்கு ஒன்பது மடங்கு உருப்பெருக்கம் போதும். பெரிய ஸ்கோப்பின் கூடுதல் எடை முழுவதும் ரைஃபிளின் மேற்புறத்தில் ஏறி, தோளில் அதை உருட்டிக்கொண்டே இருக்கும். கன்னத்தைக் கட்டையில் இயல்பாக வைத்த நிலையில் கண் ஸ்கோப்பின் மையத்துக்கு நேராக வரும்படி வளையங்களின் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள். திருகுகளை முறுக்குவிசைச் சாவியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

மேட்டுநடை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 20 அங்குலம், நடுத்தரத் தடிமன், 10 அங்குல முறுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்கோப் பழையதே இருக்கட்டும். தாளைச் செருகிப் பார்த்தேன். என் மரக்கட்டையிலும் இடப்பக்கம் ஓரிடத்தில் நிற்கிறது. நானே தேய்த்து எடுக்கலாமா?

திருகுமுடுக்கி:

தாராளமாக. ஆனால் புதிய குழல் பொருத்திய பிறகு செய்யுங்கள், அதன் வடிவம் வேறாக இருக்கும். ஓர் உருளைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மடித்த தாள் தடையின்றி ஓடும்வரை இடைவெளி விடுங்கள். தேய்த்த இடத்தில் மரம் திறந்து நிற்கும். அன்றே அதற்கு எண்ணெயோ வார்னிஷோ பூசிவிடுங்கள். இல்லையேல் முதல் மழையில் ஈரம் குடித்து உப்பி, மறுபடியும் குழலைத் தொடும்.