ருமேனிய மொழியைச் சொந்தமாகப் படிக்கிறேன், நாலாம் பாடத்தோடு வண்டி நிற்கிறது

கோட்டையூர்க்கரண்டி:

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் பழைய செட்டியார் வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அப்படி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். ருமேனியாவில் க்ளூஜ் நகரத்தில் ஓர் ஓட்டல் சமையலறைக்கு வேலை பேசி முடிந்து, வொர்க் பெர்மிட்டுக்குக் காத்திருக்கிறேன். ஏஜென்ட் "ஆங்கிலம் போதும்" என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் நம் ஓட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது, அப்புறம் அங்கே பாத்திரம் கழுவுகிறவரும் காய்கறி இறக்குகிறவரும் எப்படிப் பேசுவார்கள்.

அதனால் ஆடியோவோடு வருகிற ஆரம்பநிலைப் பாடப்புத்தகம் ஒன்று வாங்கினேன். வணக்கம், நன்றி, பெயர் என்ன என்பதெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. நாலாம் பாடத்தில் ஆண்பால், பெண்பால், அதோடு "நியூட்டர்" என்று மூன்றாவது ஒன்று, பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டுகிற ஏதோ ஒன்று என்று வந்ததும் அப்படியே நிற்கிறேன். விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். அதைப் புரிந்துகொள்ளவே தனியாக ஒரு புத்தகம் வேண்டும் போலிருக்கிறது. ஒரு எழுத்தின் மேல் தொப்பி, இன்னொன்றின் அடியில் வால், இதையெல்லாம் எப்படி உச்சரிப்பது? சொந்தமாகப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காரைக்குடிப் பக்கம் சொல்லித்தர ஆள் இல்லை, விசாரித்துவிட்டேன்.

திமிஷோராவாசி:

தம்பி, நான் புதுவயல். ருமேனியாவில் திமிஷோரா நகரத்தில் ஒரு கிடங்கில் வேலை. ஏஜென்ட் சொன்னது ஆபீஸில் உட்காருகிறவர்களுக்குச் சரி, சமையலறைக்கு ஆகாது.

முதலில் புத்தகத்தை மூடிவிட்டு ஆடியோவை மட்டும் கேளுங்கள். பாடத்தின் தொடக்கத்தில் ஒரு உரையாடல் இருக்கும் இல்லையா, அதை வாய் பழகுகிற வரைக்கும் கூடவே சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் எழுத்தில் பாருங்கள். ஆங்கில விளக்கத்தைக் கடைசியில் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். ருமேனியம் எழுதியபடியே படிக்கிற மொழி, ஆங்கிலம் மாதிரி ஏமாற்றாது, ஆனால் கண்ணால் முதலில் படித்தால் ஆங்கில உச்சரிப்பு வாயில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் கிளப்புவது கஷ்டம்.

மூன்று பால் விஷயத்துக்கு இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற வழியே போதும். எந்தப் பெயரையும் "ஒன்று, இரண்டு" என்று எண்ணிப் பாருங்கள். உன்–தொய் என்று வந்தால் ஆண்பால், ஓ–தொவ என்று வந்தால் பெண்பால், உன்–தொவ என்று வந்தால் அதுதான் உங்களைப் பயமுறுத்துகிற நியூட்டர். உன் ஸ்காவுன், தொவ ஸ்காவுனே, அதாவது ஒரு நாற்காலி, இரண்டு நாற்காலிகள். உன் த்ரென், தொவ த்ரேனுர், ஒரு ரயில், இரண்டு ரயில்கள். ஒருமையில் ஆண், பன்மையில் பெண், அவ்வளவுதான் கதை. எந்தச் சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்யாமல் இந்த ஜோடியோடு செய்யுங்கள், பன்மையும் சேர்ந்தே வந்துவிடும்.

எண்களில் ஒன்று கவனிக்க வேண்டும். 19 வரைக்கும் எண்ணை அடுத்து நேராகப் பொருள் வரும், 20-லிருந்து 100 வரை நடுவில் ஒரு "தே" போட வேண்டும்: ஸெச்செ லெய் என்றால் பத்து லெய் (லெய் அங்கத்துப் பணம்), தொவஸெச் தே லெய் இருபது லெய். பாடத்தில் 11-க்கு உன்ஸ்ப்ரெஸெச்செ என்று நீட்டி முழக்குவார்கள், கடையில் எல்லோரும் "உன்ஷ்பே" என்றுதான் சொல்வார்கள். இதைப் புத்தகம் சொன்னாலும் எங்கேயாவது மூலையில்தான் சொல்லும்.

இன்னொன்று, எல்லாப் புத்தகமும் ஓட்டலில் அறை கேட்கவும் ரயில் நிலையத்துக்கு வழி கேட்கவும்தான் சொல்லித்தரும், நீங்களோ ஓட்டலுக்கு உள்ளே நிற்கப் போகிறவர். புனே (வை), அது (கொண்டு வா), தாயே (வெட்டு), ஸ்பால (கழுவு), ரேபெதே (சீக்கிரம்). சாரே உப்பு, பிபேர் மிளகு, ச்யாப வெங்காயம், உஸ்துரோய் பூண்டு, குட்ஸீத் கத்தி. இந்தச் சொற்களை இப்போதே உங்கள் அடுப்படியில் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், கூட நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தமிழாசிரியர்_காரைக்குடி:

நான் ருமேனியா போனவன் இல்லை, ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காகப் படித்தேன். என் ஐயா மோல்மேனில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து பர்மியம் பேசப் பழகியவர், பாடப்புத்தகம் என்று ஒன்றை அவர் கண்டதில்லை, நமக்கு அது கிடைக்கிறது என்றால் அதை நம் இலக்கணத்தோடு வைத்துப் படிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வாலில் ஒட்டுகிறது என்றீர்களே, அதைப் பார்த்து மிரள வேண்டியவர் ஆங்கிலேயர். நமக்கு உருபு எல்லாமே வாலில்தான் ஒட்டும். ஓம் என்றால் ஒரு மனிதன், ஓமுல் என்றால் குறிப்பிட்ட அந்த மனிதன், பேச்சில் கடைசி ல் உதிர்ந்து "ஓமு" என்றுதான் காதில் விழும். ஓமுலுய் என்றால் "அந்த மனிதனுக்கு", "அந்த மனிதனுடைய" இரண்டும். நாம் நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை என்று பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஒரே வடிவத்தில் முடித்துவிட்டார்கள். எழுவாயையும் நம்மைப் போலவே விட்டுவிடலாம், மெர்க் என்றாலே "போகிறேன்", நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

உச்சரிப்புக்கு வருகிறேன். தொப்பி போட்ட எழுத்துக்கு ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும். காது, பாட்டு என்று சொல்லும்போது கடைசி உகரத்தை உதடு குவிக்காமல் சொல்கிறோமே, அந்தக் குற்றியலுகரத்தை எடுத்து நாக்கை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினால் கிட்டத்தட்ட வந்துவிடும். அடியில் வால் உள்ள எஸ் நம் ஷ், வால் உள்ள டி ட்ஸ். மேலே குழிவாக வளைந்த கோடு போட்ட ஏ (ă) இருக்கிறதே, அதை வாயை முழுக்கத் திறக்காத அகரமாகச் சொல்ல வேண்டும், இதில் அசட்டையாக இருக்காதீர்கள், ஏனென்றால் ஓ காஸ என்று வாய் மூடினாற்போல் முடித்தால் "ஒரு வீடு", காஸா என்று வாய் திறந்து முடித்தால் "அந்த வீடு", வித்தியாசம் அவ்வளவுதான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பழைய பாடங்களை எடுத்தால் எழுத்து வேறு மாதிரி இருக்கும். 1993-இல் ருமேனிய அகாதமி எழுத்துமுறையை மாற்றியது. அதற்கு முந்தைய புத்தகங்களில் சொல்லின் நடுவிலும் தொப்பி போட்ட ஐ (î) வரும், இப்போது பெரும்பாலும் அங்கே தொப்பி போட்ட ஏ (â), ஒலி ஒன்றுதான். எழுதும்போது மட்டும் புதியதைப் பின்பற்றுங்கள்.

வெட்டிப்பேச்சு:

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளியே ருமேனியத்தை பிரெஞ்சு, ஸ்பானிஷ் இருக்கிற எளிய வரிசையில்தான் வைத்திருக்கிறது, இதற்கா இவ்வளவு? போனால் தானாக வரும்.

திமிஷோராவாசி:

அது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களை வைத்துப் போட்ட கணக்கு, அதுவும் முழுநேரமும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தால் தானாக வருவது தூக்கம்தான்.

யாஷ்_மாணவி:

அண்ணா, நான் பள்ளத்தூர், யாஷ் நகரத்தில் மருத்துவம் படிக்கிறேன். படிப்பு ஆங்கிலத்தில், நோயாளிகள் ருமேனியத்தில், அதனால் எங்களுக்கும் வேறு வழி இல்லை. இரண்டு விஷயம் சொல்கிறேன், ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், கொஞ்சம் இலக்கணம்தான்.

"போக விரும்புகிறேன்" என்பதை அவர்கள் "விரும்புகிறேன், போகிறேன்" என்பது போல இரண்டு வினையையும் திரித்துச் சொல்வார்கள்: வ்ரேவ் ஸ மெர்க். இதற்கான காரணத்தைத் தேடிப் போகாதீர்கள். வ்ரேவ் ஸ (வேண்டும்), போத் ஸ (முடியும்), த்ரேபுயே ஸ (கட்டாயம்), இந்த மூன்றையும் அப்படியே வாயில் வைத்துக்கொண்டால் வேலையில் பாதி ஓடிவிடும். கடந்த காலம் இதைவிட எளிது, பேச்சில் ஒன்றே ஒன்றுதான் அதிகம் வரும். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்பதற்கு ஏற்ப அம், ஆய், ஆ, அம், அட்ஸ், அவ் என்று ஆறு, அதோடு வினையின் ஒரு வடிவம். புத்தகத்தில் இது பின்னால் வரும், நீங்கள் முன்னாலேயே எட்டிப் பாருங்கள், "செய்துவிட்டேன்" என்று சொல்லத் தெரியாமல் சமையலறையில் எப்படி நிற்பீர்கள்?

அப்புறம் மரியாதை. நாம் நீ, நீங்கள் என்கிற மாதிரி அங்கே து, தும்னெவ்வாஸ்த்ர. தலைமைச் சமையல்காரர், வயதானவர், கடைக்காரர் எல்லோருக்கும் இரண்டாவதுதான், வினையும் பன்மையில் வரும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள், நமக்கு இயல்பாக வரும். அவர்களாக "து" என்று அழைக்கச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

கோட்டையூர்க்கரண்டி:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வெங்காயம் உரிக்கிற இடத்தில் உன்–தொவ ஆரம்பித்தாகிவிட்டது. கேட்டுப் பழக ரேடியோ ஏதாவது உண்டா? அர்த்தம் பார்க்க எது நல்லது?

யாஷ்_மாணவி:

ரேடியோ ருமேனியா ஆக்துவாலிதாட்ஸ் இணையத்தில் நேரலையாக வருகிறது. இங்கே காலை 7 மணிச் செய்தி என்றால் உங்களுக்குக் கோடையில் 9.30, குளிர்காலத்தில் 10.30. ஆரம்பத்தில் எதுவும் புரியாது, எண்களையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் பிடியுங்கள். சொல்லுக்கு டெக்ஸ்ஆன்லைன் என்ற அகராதித் தளம், விளக்கமும் ருமேனியத்தில்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வினையும் பெயரும் எப்படித் திரிகிறது என்ற அட்டவணை முழுதாக இருக்கிறது, உங்களுக்கு இப்போது அதுதான் தேவை. போனில் ருமேனிய விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள், தொப்பியும் வாலும் இல்லாமல் தேடினாலும் கிடைக்கும், ஆனால் எழுதிப் பழகும்போது போட்டே பழகுங்கள்.