ஆக்டேவியா: 1.8 பெட்ரோலா, 2.0 டீசலா? உப்புக்காத்துல இன்ஜின் பராமரிப்பு எப்படி?

உச்சிப்புளி77
செகண்ட்ஸ்ல ஸ்கோடா ஆக்டேவியா பாக்குறேன், 2014–16 மாடல். ரெண்டு வண்டி தோதா இருக்கு: 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 2.0 டிடிஐ டீசல் ஆட்டோமேட்டிக். தினமும் ராமநாதபுரம் போய் வர்ற ஓட்டம், மாசம் ரெண்டு தடவை மதுரை. விருந்தாளி வந்தா ராமேஸ்வரம், தனுஷ்கோடிக் கடல்முனையான அரிச்சல்முனை. எந்த இன்ஜின் எடுக்கலாம்? இந்தக் காத்துக்கு சர்வீஸ்ல கூடுதலா என்ன பாக்கணும்? பக்கத்து ஒர்க்‌ஷாப்லயே ஆயில் மாத்திக்கலாமா?

கீழக்கரை டர்போ
இந்த ஓட்டத்துக்கு டீசலோட மைலேஜ் லாபம் பெருசா கைக்கு வராது. 1.8 பெட்ரோல்ல 180 பிஎஸ் பவர், 250 என்எம் டார்க் (இழுவை). வால்வை ஓட்டுறது டைமிங் செயின், அதனால டைமிங் பெல்ட் மாத்துற செலவு இல்ல. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பாருங்க.

முதல்ல வாட்டர் பம்ப். தெர்மோஸ்டாட்டும் (சூட்டுக்குத் தக்க கூலன்ட்டைத் திறந்து விடுற வால்வு) பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு, இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கும். சூட்டுல பிளாஸ்டிக் வளைஞ்சு கசியும். சொட்டு தரையில விழாது, இன்ஜின் சூட்டுலயே காஞ்சிடும். டார்ச் அடிச்சுப் பாத்தா ரோஸ் கலர்ல பொருக்கு தட்டி நிக்கும். கூலன்ட் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குதுன்னா முதல் சந்தேகம் அங்கதான்.

ரெண்டாவது கியர்பாக்ஸ். 1.8-க்கு வர்றது உலர் கிளட்ச் 7 கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்). ஆடி அமாவாசை அன்னைக்கு ராமேஸ்வரம் ரதவீதியில, இல்லாட்டி வேடிக்கை பாக்குறவங்க வண்டிய நிறுத்துற பாம்பன் பாலத்துல, ஊர்ந்து ஊர்ந்து போனா கிளட்ச் பாதி பிடிப்புலயே தேயும். முதல் கியர்லேருந்து ரெண்டுக்கு மாறுறப்ப உதறுதான்னு டெஸ்ட் டிரைவ்ல நல்லா சூடேறின பிறகு பாருங்க. வண்டி குளிர்ந்திருக்கும்போது பாத்து பிரயோஜனம் இல்ல.

மண்டபம் மெக்
டர்போ தம்பி சொன்ன கியர்பாக்ஸ் விஷயமே டீசலுக்குச் சாதகம். 2.0 டிடிஐக்கு வர்றது ஆயில்ல ஊறுற கிளட்ச், 6 கியர். சூட்டைத் தாங்கும். 143 பிஎஸ், 320 என்எம். அந்த கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். லெவல் வைக்கிறது ஆயில் 35-லேருந்து 45 டிகிரிக்குள்ள இருக்கறப்ப, ஸ்கேனர்ல பாத்துட்டு. அளந்து ஊத்தி மூடிட்டா தப்பு. "லைஃப்டைம் ஆயில்"னு யாராவது சொன்னா வேற கடை பாருங்க.

டீசல்ல பயம் டைமிங் பெல்ட். அறுந்தா பிஸ்டன் வால்வுல மோதி ஹெட் போச்சு. மாத்துனதுக்கு பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கங்க. பெல்ட், அதை இறுக்குற டென்ஷனர், தாங்குற ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் நாலும் ஒண்ணாத்தான் போடணும், ஏன்னா பம்ப் ஓடுறதே அந்தப் பெல்ட்டுலதான். அந்தப் பம்புக்குள்ள நகர்ற மூடி ஒண்ணு இருக்கு. அது சிக்கினா தண்ணி சுத்தாது, ரேடியேட்டர் நல்லாவே இருக்கும், இன்ஜின் மட்டும் சூடேறும். நிறைய பேர் இதுக்கு ரேடியேட்டரைக் கழட்டி வீணா காசு விடுறாங்க.

ஆயில்: டீசலுக்கு 4.7 லிட்டர், விடபிள்யூ (ஃபோக்ஸ்வாகன்) 507.00 தரம், 5டபிள்யூ-30. பெட்ரோலுக்கு 502.00, 5டபிள்யூ-40, ஐந்தே கால் லிட்டர் பக்கம். கேன் முன்னாடி "யூரோப்பியன்"னு போட்டிருந்தா பத்தாது, பின்னாடி இந்த நம்பர் இருக்கான்னு பாருங்க. கம்பெனி கணக்கு 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம். இங்க 10,000-த்துல மாத்துறது நல்லது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல தாராளமா மாத்தலாம், பக்கத்துல நின்னு பாருங்க. ஆயில் ஃபில்டர் மேல இருந்து கழட்டுற காகித வகை. மூடியோட ஓ-ரிங் புதுசு போடணும், மூடியில அச்சடிச்ச முறுக்கு அளவுக்கு மேல முறுக்கினா விரிசல் விடும். கீழ ட்ரெயின் போல்ட்டை எப்பவும் புதுசா போட்டு 30 என்எம் அளவுக்கு முறுக்கணும். சில வண்டியில சம்ப்பே (ஆயில் தேங்குற அடித்தட்டு) பிளாஸ்டிக், அதுக்கு வேற பிளக், ஒரு தடவை கழட்டினா தூக்கிப் போட்டுரணும். ஸ்பானர் வைக்கிறதுக்கு முன்னாடி எந்த சம்ப்புன்னு பாக்கச் சொல்லுங்க.

டீசல் ஃபில்டர் 30,000-த்துல. ஈரக்காத்து உள்ள ஊர்ல டேங்க்ல தண்ணி கூடும். அது பம்ப்புக்குள்ள போச்சுன்னா ஃபில்டர் விலையோட நிக்காது.

பரமக்குடி பைபாஸ்
எந்த இன்ஜின் எடுத்தாலும் இந்தக் கடற்கரையில ரெண்டும் சாகுறது பெரும்பாலும் தண்ணியிலயும் உப்புலயும்தான்.

கூலன்ட் குறைஞ்சா வீட்டுப் போர் தண்ணிய ஊத்தாதீங்க. இந்தப் பக்கம் நிலத்தடி நீர் உவர்ப்பு. அதுல இருக்கிற குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு தெர்மோஸ்டாட்ல படியும். காவிரிக் குழாய்த் தண்ணியும் வேண்டாம். ஜி12 ஈவோ கூலன்ட் கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காதது), பேட்டரி கடையில கிடைக்கிற டிஸ்டில்ட் வாட்டர், பாதிக்குப் பாதி. பச்சை கூலன்ட்டைக் கலந்தா பழுப்பாகி, சேறு மாதிரி கட்டும். பழைய வண்டின்னா டேங்க் மூடிய (இன்ஜின் ஆறின பிறகு) திறந்து நிறம் பாருங்க. பழுப்பா இருந்தா விலை பேச அதுவே போதும்.

அரிச்சல்முனை போய்ட்டு வந்த அன்னைக்கே நல்ல தண்ணியில அடிப்பக்கம், ரேடியேட்டர் முகப்பு கழுவணும். ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் ஃபின் (மெல்லிய தகடு) எல்லாம் முன்னாடிதான் இருக்கு, உப்பும் மணலும் நேரா அங்க உக்காரும். சாதாரண ஹோஸ் போதும். பிரஷர் வாஷ்ல ஃபின் மடிஞ்சு காத்துப் பாதையே அடைபடும். இன்ஜின் ரூமுக்குள்ள பிரஷர் அடிக்கவே கூடாது.

ஏர் ஃபில்டர் பத்தாயிரத்துக்கு ஒண்ணு. கம்ப்ரசர்ல ஊதி மறுபடி போடுறது வழக்கமாகிடுச்சு, காகிதம் கிழிஞ்சா மணல் நேரா டர்போவுக்குத்தான். பேட்டரி எர்த் கம்பி பாடியில சேர்ற இடத்தைக் கழட்டி, உப்புத்தாள் தேச்சு, வாசலின் தடவி மாட்டுங்க. "செல்ஃப் எடுக்கல", "சம்பந்தமில்லாம லைட் எரியுது"ன்னு வர்றதுல பாதி அந்த ஒரு போல்ட்டுதான்.

உச்சிப்புளி77
நன்றி அண்ணே. ஒண்ணு விட்டுட்டேன், வருஷத்துல ரெண்டு மூணு மாசம் வளைகுடா போயிருவேன். வண்டி சும்மா நிக்கும்.

மண்டபம் மெக்
அப்ப நான் மாத்திச் சொல்றேன், பெட்ரோலையே எடுங்க. டீசல் நின்னா இஞ்செக்டர், பம்ப் எல்லாம் செலவு. ஆனா இப்ப கிடைக்கிறது இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்), எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் நிரப்பி நிறுத்துங்க, உள்ள காத்து குறைவா இருக்கட்டும். போறதுக்கு முன்னாடி ஆயில் மாத்திட்டு 20 கி.மீ. ஓட்டி நிறுத்துங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. தார்ப்பாய் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும், துணிக் கவர்னா பரவாயில்ல. ஹேண்ட் பிரேக் போடாம "பி"ல விட்டு சக்கரத்துக்குக் கட்டை வைங்க. இல்லாட்டி பேட் டிஸ்க்குல துருவோட ஒட்டிக்கும்.

கீழக்கரை டர்போ
வீட்டுல யாராவது வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணா போதும்னு சொல்வாங்க. அது வேண்டாம் காக்கா. ஆயில் சூடேறாது, ஈரம்தான் உள்ள சேரும். ஓட்டுறதுன்னா அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க, இல்லைன்னா தொடாம விடச் சொல்லுங்க.