உதவி: வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன, ராத்திரியில் அதிகம். மவுஸ்தான் காரணமா?

பேரேடு34:
தினமும் எட்டு மணி நேரம் டேலி கணக்கு மென்பொருளில் என்ட்ரி, ஜிஎஸ்டி வேலை. ஆறு வாரமாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது, கையை உதறினால்தான் அடங்குகிறது. மெடிக்கலில் கொடுத்த நரம்பு மாத்திரையை இருபது நாள் போட்டும் பலன் இல்லை. கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு டைப் செய்கிறேன். மணிக்கட்டுக்கு ஜெல் திண்டு வாங்கினேன், அது வந்தபிறகு கூடியதுபோல இருக்கிறது. மேசை உயரம் 76 செ.மீ. நாற்காலியை 46-க்கு மேல் ஏற்றினால் கால் தொங்குகிறது.

இயன்முறை_கை:
முதலில் சுண்டுவிரல் மரக்கிறதா என்று பாருங்கள். எந்த நரம்பு என்பது அதில் தெரிந்துவிடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் பெரும்பாலும் முழங்கையில் அல்நார் நரம்பு அழுந்துகிறது, மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுபவர்களுக்கு வருவது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பிறகு ஒரு சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்திருங்கள். எத்தனையாவது விநாடியில், எந்த விரலில் சுருசுருக்கிறது என்று எழுதுங்கள்.

பேரேடு34:
25-வது விநாடியிலேயே நடுவிரலில் தொடங்கிவிட்டது சார். சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை. மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி மட்டும் மரக்கிறது.

இயன்முறை_கை:
மோதிர விரல் பாதியாகப் பிரிவது மீடியன் நரம்பைத்தான் காட்டுகிறது. கார்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டு எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே குறுகலான வழி. அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு இந்த ஒரு நரம்பும் போகிறது. வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்பு.

பேண்டேஜை இன்றே கழற்றுங்கள். சுற்றி இறுக்குவது உள்ளே இன்னும் அழுத்தும். ஜெல் திண்டு சரியாக அந்த நாரின்மேல்தான் உட்காருகிறது. டைப் செய்யும்போது மணிக்கட்டு எதிலும் ஊன்றக் கூடாது. ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சியும் வேண்டாம். யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

ராத்திரிக்கு மணிக்கட்டு ஸ்ப்ளின்ட், அதாவது மணிக்கட்டை மடங்காமல் பிடித்துவைக்கும் உறை, வாங்குங்கள். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். கடையில் கிடைப்பதில் உள்ளங்கைப் பக்க உறைக்குள் ஓர் அலுமினியப் பட்டை இருக்கும், அது பெரும்பாலும் 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி வளைந்தே வரும். அப்படியே கட்டினால் மணிக்கட்டு பின்னுக்கு நிமிர்ந்து, அழுத்தம் குறையாது. பட்டையை உருவி, மேசையில் வைத்து அழுத்திக் கிட்டத்தட்ட நேராக்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். கட்டியபின் முன்கையும் புறங்கையும் ஒரே கோடாக இருக்க வேண்டும். ஒட்டுப்பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையட்டும். தினமும் தூங்கும்போது, குறைந்தது ஆறு வாரம். பகலில் கட்டிக்கொண்டு டைப் செய்ய வேண்டாம், தோள்பட்டை இழுக்கும்.

மரவேலை_மேசை:
76 செ.மீ. எழுதுவதற்கான உயரம். 46-ல் உட்கார்ந்தால் பெரும்பாலோருக்கு முழங்கை தரையிலிருந்து 68 முதல் 70-ல் நிற்கும். ஆகவே தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேலே மடக்கித்தான் டைப் செய்கிறீர்கள். நாற்காலியை ஏற்றிக் காலுக்குப் பலகை போடலாம். அதைவிட மேசைக்கு அடியில் கீபோர்டு தட்டு மாட்டுவது நல்லது. தட்டின் மேல்பரப்பு 66 அல்லது 67-ல் வரட்டும். 12 மி.மீ. பிளைவுட் போதும், தொடைக்கு மேலே மூன்று நான்கு செ.மீ. இடம் மிஞ்சும்.

அகலம் 70 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கீபோர்டுக்கு மட்டும் அளந்து அடித்தால் மவுஸ் மேசைமேலேயே தங்கிவிடும், கை அதற்காக ஏறி இறங்கும். கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள்.

எண்தட்டு:
டேலிக்கு எண் பலகை இல்லாமல் முடியாது, ஆனால் அது வலப்பக்கம் இருப்பதால் மவுஸ் இன்னும் வெளியே தள்ளிப்போகிறது. எண் பலகை இல்லாத சின்னக் கீபோர்டும், தனி யூஎஸ்பி எண் பலகையும் வாங்கி, எண் பலகையை இடப்பக்கம் வையுங்கள். முதல் வாரம் வேகம் குறையும், தப்பும் வரும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி நெருங்கும்போது மாற்றாதீர்கள்.

பேரேடு34:
தட்டுக்கு ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். பயிற்சி ஏதாவது உண்டா? நரம்பு மாத்திரையைத் தொடரலாமா?

இயன்முறை_கை:
விரல்களை நேராக நீட்டுங்கள். அடுத்து நுனி இரண்டு மூட்டுகளை மட்டும் கொக்கிபோல மடக்குங்கள். பிறகு முழு முட்டி. பிறகு அடி மூட்டில் மட்டும் மடக்கி மேசைபோல. கடைசியில் விரல் நுனி உள்ளங்கை அடியைத் தொடும்படி. ஒவ்வொரு நிலையிலும் 5 விநாடி, ஐந்து சுற்று, நாளைக்கு மூன்று வேளை. மரப்பு கூடினால் நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துத் தொங்கவிடுங்கள். படுத்துக்கொண்டு போன் பிடிப்பதும், கன்னத்துக்கு அடியில் கையை மடக்கித் தூங்குவதும் அதே நரம்பை அழுத்தும்.

நரம்பு மாத்திரை என்று கொடுப்பது பெரும்பாலும் பி12 வைட்டமின். உடம்பில் அது குறைவாக இருந்தால்தான் அந்த மாத்திரையால் பயன். ரத்தத்தில் பி12, தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மூன்றையும் பாருங்கள். தைராய்டு குறைவும் சர்க்கரையும் இதே மரப்பைக் கொண்டுவரும், மேசையை மாற்றி அது போகாது.

பேரேடு34:
எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இயன்முறை_கை:
சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனாலோ, டம்ளர் கை நழுவினாலோ, பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியிலுள்ள சதைமேடு வலக்கையில் தட்டையாகத் தெரிந்தால் அந்த வாரமே எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். நரம்புக் கடத்தல் சோதனை எடுத்து, ஊசியா அறுவைச் சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள். வற்றிய சதை முழுதாகத் திரும்புவது அரிது.

பேரேடு34:
பார்த்தேன் சார், இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஸ்ப்ளின்ட் பட்டையை நேராக்கிவிட்டேன், இன்று ராத்திரியிலிருந்து கட்டுகிறேன்.