டிஆர்பிடி: எழுதுவதைவிட லைனில் அதிகம் போகிறதா?

டிஆர்பிடி (DRBD) என்பது ஒரு சர்வரின் டிஸ்கில் எழுதுவதை நெட்வொர்க் வழியே இன்னொரு சர்வருக்கும் நகலெடுக்கும் லினக்ஸ் மென்பொருள். இரண்டுக்கும் நடுவே உள்ள லைன் நிரம்பியதும் எல்லோரும் சுவிட்சைத்தான் பிடிப்பார்கள். அதற்கு முன்னால் பிரைமரி சர்வரில் (அப்ளிகேஷன் எழுதும் பக்கம்) கவுண்டரைப் பாருங்கள். 8.4 பதிப்பில் ப்ராக் அடைவில் உள்ள டிஆர்பிடி கோப்பை (/proc/drbd) 10 நொடி இடைவெளியில் இரண்டு முறை படித்தால் போதும். என்எஸ் (ns) மறுபக்கம் அனுப்பியது, டிடபிள்யூ (dw) இங்கே டிஸ்கில் எழுதியது, டிஆர் (dr) படித்தது. மூன்றும் கிபிபைட்டில் (KiB). என்எஸ்ஸும் டிடபிள்யூவும் சேர்ந்தே ஏறினால் வேலையைக் கொடுப்பது மேலே ஓடும் அப்ளிகேஷன். டிடபிள்யூ அசையாமல் என்எஸ்ஸும் டிஆரும் ஏறினால் ரீசிங்க் (இரண்டு நகலையும் மறுபடி ஒன்றாக்கும் வேலை) ஓடுகிறது.

9-ம் பதிப்பில் இரண்டு பியர் (நகல் வைக்கும் மறுபக்க சர்வர்) வைத்திருந்தால் எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு முறை வெளியே போகும். அது கோளாறு இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

* * *

முடிந்த ரீசிங்க் மறுபடி மறுபடி தொடங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து சேர்கிறது என்று பொருள். கெர்னல் லாக்கில் டைஜஸ்ட் இன்டெக்ரிட்டி செக் ஃபெயில்டு என்று இருக்கிறதா? அப்படியானால் யாரோ டேட்டா-இன்டெக்ரிட்டி-அல்கை (data-integrity-alg, அனுப்பும் தரவு வழியில் கெட்டதா என்று செக்சம் எனும் சரிபார்ப்பு எண்ணால் பார்க்கும் அமைப்பு) இயக்கி விட்டிருக்கிறார்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்வாப் அல்லது ஃபைல் சிஸ்டம் நினைவகத்தில் உள்ள அந்தத் தரவை (பஃபர்) மாற்றிவிட்டால் செக்சம் பொருந்தாது. கேபிளில் கெட்டதா, மேலே மாறியதா என்று டிஆர்பிடிக்குத் தெரியாது; இணைப்பை அறுத்துவிடும். சோதனைக்கு மட்டும் வைக்க வேண்டியது, நிரந்தரமாக அல்ல.

அடுத்தது ஜம்போ ஃபிரேம், அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய நெட்வொர்க் பொதி. இரண்டு சர்வரிலும் 9000, நடுவே சுவிட்ச் போர்ட்டில் 1500 என்றால் சாதாரண பிங் அழகாக ஓடும், கனெக்டட் என்றும் காட்டும், பெரிய அளவில் எழுதத் தொடங்கியதும் மாட்டிக்கொள்ளும். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் பிங் விட்டால் உடனே தெரிந்துவிடும் (9000-இல் ஹெடருக்கு 28 போக மீதி).

* * *

மேலே சொன்ன முதல் வகைக்கு, அதாவது என்எஸ்ஸும் டிடபிள்யூவும் சேர்ந்து ஏறுவதற்கு, ஒரு சேர்க்கை. டிஆர்பிடிக்குக் கோப்பு என்றால் என்னவென்று தெரியாது, பிளாக் மட்டும்தான். பழைய பிளாக்கின் மேல் அதே உள்ளடக்கத்தை எழுதினாலும் அனுப்பும். மெய்நிகர் கணினியின் ஸ்வாப், டேட்டாபேஸின் தற்காலிகக் கோப்புகள், ஏடைம் (கோப்பைக் கடைசியாகப் படித்த நேரம்) புதுப்பிப்பு, இவைதான் பெரும்பாலும் லைனைத் தின்பவை. முதல் இரண்டையும் மிரர் செய்யாத தனி எல்விக்கு (லாஜிக்கல் வால்யூம்) மாற்றுங்கள். மவுண்ட்டில் நோஏடைம் (noatime) போடுங்கள். பேக்கப் படிப்பதால் லைன் ஏறாது, வழக்கமான அமைப்பில் படிப்பு உள்ளூர் டிஸ்கிலிருந்துதான்.

* * *

பிரைமரி திடீரென்று விழுந்து எழுந்தால் ரீசிங்க் தவிர்க்க முடியாது. அண்மையில் எழுதிய பகுதிகளைக் குறித்து வைக்கும் ஆக்டிவிட்டி லாக்கில் ஒரு எக்ஸ்டென்ட் (பகுதி) 4 மெபிபைட். இயல்பு அளவு 1237 எக்ஸ்டென்ட். உண்மையில் மாறியது ஒரு சில பிளாக் என்றாலும் கிட்டத்தட்ட 4.8 ஜிபிபைட் (GiB) வரை ஓடும். சிசம்ஸ்-அல்க் (csums-alg) அமைப்பைப் போட்டால் முதலில் செக்சம் மட்டும் போகும், வேறுபடும் பிளாக்தான் பின்னால் போகும். விலை, இரண்டு பக்கமும் சிபியூவும் டிஸ்க் படிப்பும்.

ரீசிங்க் வேகத்தைக் குறைக்க ரீசிங்க்-ரேட்டை (resync-rate) மாற்றிவிட்டு "கேட்கவே மாட்டேன் என்கிறது" என்பவர்கள் அதிகம். வேகத்தைத் தானே சரிசெய்யும் சி-பிளான்-அஹெட் (c-plan-ahead) பூஜ்யமாக இல்லாதவரை அது தொடக்க வேகம் மட்டுமே. கட்டிப்போடுவது சி-மேக்ஸ்-ரேட் (c-max-rate). அதன் இயல்பு நொடிக்கு 100 மெபிபைட். 1 கிகாபிட் லைனில் கையில் கிடைப்பதே ஏறக்குறைய 110 மெகாபைட். சி-மேக்ஸ்-ரேட்டை 30 மெபிபைட் அளவில் வைத்து அட்ஜஸ்ட் கட்டளை (drbdadm adjust) கொடுங்கள், இணைப்பைத் துண்டிக்கத் தேவையில்லை.